எடின்பரோ நோட்டு எங்கே செல்லும்?

லண்டன் ஈஸ்ட் ஹாமில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரின் பலசரக்குக் கடை. சிவப்பரிசி மாவும் முருங்கைக்காயும் எடுத்து வைத்துவிட்டு 20 பவுண்டு நோட்டை நீட்டினேன். முந்தின நாள் எடின்பரோவில் ஏடிஎம்மில் எடுத்த நோட்டு. அவர் அதைக் கல்லாவில் போடவில்லை. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். கட்டைவிரலால் ஓரத்தைத் தேய்த்தார். நோட்டில் இருந்த வால்டர் ஸ்காட்டின் முகத்தைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இது ஸ்கொட்லாந்துக் காசெல்லோ. வேற இருக்கோ?"

"இதுவும் பவுண்டுதானே அண்ணா?"

"பவுண்ஸ்தான். நான் பாங்கில போட்டா அவங்கள் எடுப்பாங்கள். ஆனா மிச்சக் காசாத் திருப்பிக் குடுத்தா சனம் வாங்காது. அதுதான் கரைச்சல்."

எனக்குப் பின்னால் நின்ற இளைஞர் குறுக்கிட்டார். இது சட்டப்படி செல்லும் பணம், எந்தக் கடைக்காரரும் மறுக்கக் கூடாது என்றார். ஸ்காட்லாந்து நோட்டைப் பற்றி இங்கிலாந்தில் பேச்சு எழும் இடமெல்லாம் இந்த வாதமும் எழும். நல்லெண்ணத்தில் சொல்லப்படுவதுதான், ஆனாலும் அதில் இரண்டு தவறுகள் இருக்கின்றன. அந்த நோட்டு சட்டமுறைச் செலாவணி அல்ல. சட்டமுறைச் செலாவணியாகவே இருந்தாலும் கடைக்காரர் அதை மறுக்கலாம்.

தமிழில் நாம் பணம் 'செல்லும்', 'செல்லாது' என்கிறோம். கைவிட்டுக் கை போவதுதான் பணத்தின் உயிர் என்பது அந்த வினைச்சொல்லிலேயே இருக்கிறது. ஆனால் அந்த ஒரே சொல்லுக்குள் இரண்டு பொருள்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கடையில் செல்வது ஒன்று, நீதிமன்றத்தில் செல்வது இன்னொன்று. சட்டமுறைச் செலாவணி என்பது இரண்டாவதைச் சேர்ந்தது. கடன்பட்டவர் முழுத் தொகையையும் அந்தச் செலாவணியில் கொடுக்க முன்வந்து, கடன் கொடுத்தவர் மறுத்ததால் நீதிமன்றத்திலேயே கட்டிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். பிறகு 'பணம் தரவில்லை' என்று வழக்காடி அந்தக் கடன்பட்டவரைத் தோற்கடிக்க முடியாது. இங்கிலாந்துச் சட்டத்தில் அந்தச் சொல்லின் வேலை ஏறக்குறைய இவ்வளவுதான்.

கடையில் கடன் என்று ஒன்று இன்னும் பிறக்கவேயில்லை. விலை எழுதி அலமாரியில் பொருளை வைப்பது 'வாங்க வாருங்கள்' என்ற அழைப்பு மட்டுமே. வாடிக்கையாளர் பொருளைக் கல்லாவுக்குக் கொண்டுவரும்போது அவர்தான் வாங்க முன்மொழிகிறார், கடைக்காரர் ஏற்கலாம் அல்லது விடலாம். இந்தியச் சட்ட மாணவர்களும் படிக்கும் பூட்ஸ் மருந்துக்கடை வழக்கில் 1953-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. எந்த நோட்டை வாங்குவேன் என்பதும் கடைக்காரரின் ஏற்பில் அடங்கியது. சாப்பிட்டு முடித்த ஓட்டலிலும் பெட்ரோல் நிரப்பிவிட்ட பங்கிலும் நிலைமை வேறு. அங்கே கடன் ஏற்கெனவே விழுந்துவிட்டது. அங்குதான் சட்டமுறைச் செலாவணி என்ற பேச்சுக்கே இடம் வருகிறது.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் பிரிட்டனின் பணப் படம் விசித்திரமாகத் தெரிகிறது. இங்கிலாந்து வங்கியின் நோட்டுகளை 1833-ம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சட்டமுறைச் செலாவணி ஆக்கியது. ஸ்காட்லாந்து அதில் சேரவில்லை. 1954-ல் வந்த சட்டம், 5 பவுண்டுக்குக் கீழ்ப்பட்ட இங்கிலாந்து வங்கி நோட்டுகளை மட்டும் ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் சட்டமுறையாக்கியது. அப்படி இருந்தவை 10 ஷில்லிங் நோட்டும் 1 பவுண்டு நோட்டும். முன்னது 1970-ல் போனது. 1988 மார்ச்சில் 1 பவுண்டு நோட்டும் திரும்பப் பெறப்பட்டதோடு, ஸ்காட்லாந்தில் சட்டமுறைச் செலாவணியான காகித நோட்டு என்று ஒன்றுகூட இல்லாமல் போயிற்று. எடின்பரோ நோட்டு அங்கே சட்டமுறைச் செலாவணி அல்ல, லண்டன் நோட்டும் அல்ல. எஞ்சியவை நாணயங்கள். 1 பவுண்டு, 2 பவுண்டு நாணயங்கள் எந்தத் தொகைக்கும் செல்லும். 50 பென்ஸும் 20 பென்ஸும் 10 பவுண்டு வரை, 10 பென்ஸும் 5 பென்ஸும் 5 பவுண்டு வரை, 2 பென்ஸும் 1 பென்னியும் 20 பென்ஸ் வரை மட்டுமே. எடின்பரோவில் 1,000 பவுண்டு கடனைச் சட்டம் சொல்லும் செலாவணியிலேயே தீர்ப்பேன் என்று ஒருவர் பிடிவாதமாக நின்றால், 500 இரண்டு பவுண்டு நாணயங்களை எடுத்துப்போக வேண்டும். ஒன்று 12 கிராம். மொத்தம் 6 கிலோ.

அப்படி யாரும் செய்வதில்லை. ஐம்பது லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நாடு, தன் நீதிமன்றங்கள் கட்டாயப்படுத்தாத காகிதத்தில் அன்றாடம் சம்பளம் வாங்குகிறது, ரொட்டி வாங்குகிறது, சில்லறை தருகிறது. சட்டம் சொல்லாமல் ஒரு நோட்டு எப்படிச் செல்கிறது? அதற்கு ஸ்காட்லாந்தின் வங்கி வரலாற்றுக்குள் போயாக வேண்டும்.

பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து 1695-ல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தின் சட்டத்தால் பிறந்தது. இங்கிலாந்து வங்கிக்கு ஒரு வயது இளையது. 1727-ல் ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து வந்தது. புதியவர் பழையவரை வீழ்த்தக் கையாண்ட ஆயுதம் நோட்டுதான். பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்தின் நோட்டுகளைச் சேர்த்துச் சேர்த்து, ஒரேயடியாகக் கொண்டுபோய் நீட்டி, 'கேட்டவுடன் நாணயம் தருவதாகத்தானே எழுதியிருக்கிறாய், தா' என்றது. 1728 மார்ச்சில் பழைய வங்கி கதவைச் சாத்த நேர்ந்தது, சில மாதங்கள் கழித்துத்தான் திறந்தது. அந்த அனுபவத்தில் 1730-ல் நோட்டில் ஒரு வாசகத்தைச் சேர்த்தார்கள்: கேட்டவுடன் தருவோம், அல்லது வங்கி விரும்பினால் ஆறு மாதம் கழித்து வட்டியோடு தருவோம். மற்ற வங்கிகளும் இந்த விருப்ப வாசகத்தைப் பிடித்துக்கொண்டன. சிறு தொகை நோட்டுகள் பெருகின. 1765-ல் நாடாளுமன்றம் தலையிட்டு விருப்ப வாசகத்தையும் 1 பவுண்டுக்குக் கீழ்ப்பட்ட நோட்டுகளையும் தடைசெய்தது.

இந்தச் சண்டையின் முடிவில் வங்கிகள் கண்டுகொண்ட வழிதான் என்னை மிகவும் ஈர்க்கிறது. ஒருவர் நோட்டை ஒருவர் பதுக்கி வைத்து அடிப்பதை விட்டுவிட்டு, குறிப்பிட்ட நாளில் கூடி, கையிலிருக்கும் பிறர் நோட்டுகளை மாற்றிக்கொண்டு, மிச்சக் கணக்கைத் தீர்த்தார்கள். எடின்பரோவில் 1771 வாக்கில் இந்த நோட்டு மாற்று முறை நிலைபெற்றது. இதனால் இரண்டு நன்மைகள் கிடைத்தன. எந்த வங்கியும் அளவுக்கு மீறி அச்சடிக்க முடியவில்லை, சில நாளில் அத்தனையும் திரும்பி வந்து கழுத்தைப் பிடிக்கும். குடிமகனுக்கோ, கையில் இருப்பது எந்த வங்கியின் நோட்டு என்ற கவலை தீர்ந்தது, எந்த வங்கியிலும் வாங்கிக்கொள்வார்கள். நோட்டுக்கு ஓட்டம் கொடுத்தது இந்த ஏற்பாடுதான்.

இதன் வலு தெரிந்தது 1878 அக்டோபரில். சிட்டி ஆஃப் கிளாஸ்கோ வங்கி பொய்க் கணக்கு அம்பலமாகி மூழ்கியது. பங்குதாரர்களின் பொறுப்புக்கு வரம்பில்லை என்பதால் வீடு வாசலை இழந்தவர்கள் ஏராளம். ஆனால் அந்த வங்கியின் நோட்டை வைத்திருந்தவர்கள் தெருவுக்கு வரவில்லை. மற்ற ஸ்காட்லாந்து வங்கிகள் அந்த நோட்டுகளை வாங்கிக்கொண்டன. செத்துப்போன வங்கியின் நோட்டு, எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தாத நிலையிலும், சென்றது.

என் நோட்டிலிருந்த வால்டர் ஸ்காட்டுக்கும் இதில் நேரடிப் பங்குண்டு. 1825-ன் வங்கி நெருக்கடியில் இங்கிலாந்தில் பல வங்கிகள் கவிழ்ந்தன. 5 பவுண்டுக்குக் கீழே நோட்டே கூடாது என்று லண்டன் அரசு முடிவெடுத்தது, ஸ்காட்லாந்தையும் அதில் சேர்க்கப் பார்த்தது. 1 பவுண்டு நோட்டிலேயே விவசாயமும் கூலியும் ஓடிக்கொண்டிருந்த நாடு அது. 1826-ல் ஸ்காட் 'மலாக்கி மலாக்ரோதர்' என்ற புனைபெயரில் எடின்பரோ வார இதழொன்றில் கடிதங்கள் எழுதினார். நாடு கொதித்தது, அரசு பின்வாங்கியது. ஸ்காட் அப்போது எந்த நிலையில் இருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். அதே ஆண்டு ஜனவரியில்தான் அவருடைய பதிப்பாளரும் அச்சகமும் நொடித்து, 1 லட்சம் பவுண்டுக்கு மேல் கடன் அவர் தலையில் விழுந்திருந்தது. சொந்தக் கையில் காசில்லாத மனிதர் தன் நாட்டின் காசுக்காக எழுதினார். இன்று பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து வெளியிடும் எல்லா நோட்டிலும் அவர் முகம் இருப்பதற்கு இதைவிட நல்ல காரணம் தேவையில்லை.

1844, 1845 சட்டங்கள் கதவை இறுக்கின. இங்கிலாந்தில் தனியார் நோட்டு மெல்ல மெல்ல ஒழிந்தது. கடைசியாக எஞ்சிய சாமர்செட்டின் ஃபாக்ஸ் ஃபௌலர் வங்கி 1921-ல் லாயிட்ஸில் கரைந்தது. ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் ஏற்கெனவே வெளியிட்டுவந்தவர்கள் தொடரலாம், புதியவர்கள் வர முடியாது, குறிப்பிட்ட வரம்புக்கு மேற்பட்ட நோட்டுக்கு முழு ஈடு வைக்க வேண்டும் என்றானது. வங்கிகள் ஒன்றோடொன்று இணைந்து இன்று ஸ்காட்லாந்தில் மூன்று பெயர்கள் இருக்கின்றன: பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து, ராயல் பேங்க், கிளைட்ஸ்டேல்.

அந்த ஈடு இன்று எங்கே இருக்கிறது? பெரும்பகுதி இங்கிலாந்து வங்கியில். அதற்காகவே வெளியே வராத நோட்டுகள் உண்டு. 'ஜயன்ட்' 10 லட்சம் பவுண்டு, 'டைட்டன்' 10 கோடி பவுண்டு. எடின்பரோ தெருவில் புழங்கும் ஒவ்வொரு நோட்டுக்கும் பின்னால் இப்படியொரு காகிதமோ, இங்கிலாந்து வங்கிக் கணக்கில் இருப்போ நிற்கிறது. 2008-ல் ராயல் பேங்கையே அரசு தூக்கி நிறுத்த வேண்டிவந்த பிறகு, 2009-ன் வங்கிச் சட்டம் விதிகளைக் கடுமையாக்கியது. முன்பு வாரத்தின் சில நாள் மட்டும் காட்டினால் போதும் என்றிருந்த முழு ஈட்டை இப்போது எந்நேரமும் வைத்திருக்க வேண்டும். வங்கி திவாலானாலும் அந்த ஈட்டுப் பணம் நோட்டு வைத்திருப்பவர்களுக்கென்றே ஒதுக்கி வைக்கப்படும். லண்டன் கடையில் சந்தேகத்தோடு பார்க்கப்படும் நோட்டுக்கு இவ்வளவு காவல்.

வட அயர்லாந்தின் நிலைமை இன்னும் குழப்பமானது. அங்கே பேங்க் ஆஃப் அயர்லாந்து, அல்ஸ்டர் வங்கி, டான்ஸ்கே வங்கி ஆகியவை நோட்டு வெளியிடுகின்றன. முதல் வங்கியின் தலைமையகம் டப்ளினில், யூரோ புழங்கும் நாட்டில். மூன்றாவது டென்மார்க்கின் வங்கி, பழைய நார்தர்ன் வங்கியை வாங்கிப் பின்பு தன் பெயரை இட்டது. லண்டன் கல்லாவில் அமர்ந்திருக்கும் ஒருவர் 'டான்ஸ்கே' என்ற பெயர் போட்ட பவுண்டு நோட்டை வெளிநாட்டுக் காசு என்று நினைத்தால் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2004 டிசம்பரில் பெல்ஃபாஸ்ட் நார்தர்ன் வங்கியில் 2 கோடியே 65 லட்சம் பவுண்டு கொள்ளை போனது. அதில் பெரும்பங்கு அந்த வங்கியின் சொந்த நோட்டுகள். வங்கி 10 பவுண்டும் அதற்கு மேலும் உள்ள தன் நோட்டுகளைத் திரும்பப் பெற்று, 2005 மார்ச்சில் வேறு நிறத்தில் புதிதாக இறக்கியது. கொள்ளையர் கையில் இருந்த பெரும்பகுதி வெறும் காகிதமானது. வட்டார நோட்டு என்பதால்தான் மூன்று மாதத்துக்குள் அது முடிந்தது.

இங்கிலாந்தில் மறுப்பு ஏன் நிற்கவில்லை? வடிவங்கள் அதிகம், ஒவ்வொரு வங்கிக்கும் ஒவ்வொரு முகம். கடை ஊழியருக்கு நல்ல நோட்டு எது என்று தெரியாதபோது கள்ளநோட்டு எது என்பதும் தெரியாது. அதற்கான நஷ்டம் சில கடைகளில் அவர் சம்பளத்தைத் தொடும். வெளிநாடுகளின் நாணய மாற்றுக் கடைகள் பலவற்றிலும் இதே தயக்கம். கிளாஸ்கோவிலும் எடின்பரோவிலும் படிக்கும் நம் மாணவர்கள் விமானம் ஏறும் முன் கையில் உள்ளதை அங்குள்ள வங்கியிலேயே இங்கிலாந்து வங்கி நோட்டாக மாற்றிக்கொள்வது நல்லது. 2009-ல் டேவிட் மண்டல் என்ற, ஸ்காட்லாந்தைச் சேர்ந்த பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர், ஸ்காட்லாந்து நோட்டை மற்ற இடங்களிலும் ஏற்க வைக்க ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை. ஆகியிருந்தாலும் ஈஸ்ட் ஹாம் கடைக்காரரின் கரைச்சல் தீர்ந்திருக்காது என்பதே என் எண்ணம். அவரை வாங்க வைக்கலாம், அவரிடம் மிச்சம் வாங்கும் பாட்டியை எந்தச் சட்டத்தால் வாங்க வைப்பது?

சட்டத்தால் இதைத் தீர்த்த கதையும் உண்டு. அது நம் ஊர்க் கதை. ஸ்காட்லாந்தின் ஹாவிக் ஊரில் பிறந்து 'எகனாமிஸ்ட்' இதழை நிறுவிய ஜேம்ஸ் வில்சன், இந்தியாவின் முதல் நிதி உறுப்பினராக வந்து 1860-ல் காகிதப் பண மசோதாவை முன்வைத்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் கல்கத்தாவில் இறந்தும் போனார். மாற்றங்களோடு 1861-ல் சட்டம் நிறைவேறி, 1862 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பேங்க் ஆஃப் மெட்ராஸ் போன்ற மாகாண வங்கிகளின் நோட்டு உரிமை அத்தோடு போயிற்று. அரசு நோட்டு வந்தது, ஆனால் நாடு முழுவதற்கும் அல்ல. கல்கத்தா, பம்பாய், மெட்ராஸ் என்று செலாவணி வட்டங்கள் பிரிக்கப்பட்டன. மெட்ராஸ் வட்டத்தின் நோட்டு மெட்ராஸ் வட்டத்துக்குள் மட்டுமே சட்டமுறைச் செலாவணி. எந்த ஊரில் வேண்டுமானாலும் வெள்ளி ரூபாய் கேட்கலாம் என்றால், அறுவடைக் காலத்திலும் வியாபாரக் காலத்திலும் எல்லா ஊர்க் கருவூலத்திலும் வெள்ளியை மலைபோல் குவித்து வைக்க வேண்டியிருக்கும் என்று அஞ்சினார்கள்.

வட்டம் தாண்டிய நோட்டை மாற்றித் தருபவர் அதற்கு ஒரு தொகையைக் கழித்துக்கொள்வார். பழைய வணிகத் தமிழில் அந்தக் கழிவுக்கும் 'வட்டம்' என்றுதான் பெயர். இந்த நிலை நாற்பது ஆண்டுகள் நீடித்தது. 1903-ல் 5 ரூபாய் நோட்டு பர்மா நீங்கலாக எல்லா இடத்திலும் செல்லும் என்றானது, 1909-ல் பர்மாவும் சேர்ந்தது. 1910-ல் 10, 50 ரூபாய், 1911-ல் 100 ரூபாய். அதன்பின் நோட்டுப் புழக்கம் வேகமாக ஏறியது. 1913-ல் இந்தியச் செலாவணி பற்றி நூல் எழுதிய கெய்ன்ஸ் இந்த மாற்றத்தை வரவேற்றார். இங்கே சட்டம் வேலை செய்ததற்குக் காரணம், வாசகத்தை மாற்றியதோடு நில்லாமல், எங்கு நீட்டினாலும் மாற்றித்தரும் பொறுப்பை அரசு தன் மேல் போட்டுக்கொண்டதுதான். எடின்பரோ வங்கிகள் 1771-ல் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாட்டை ஓர் அரசு ஒரு துணைக்கண்டத்துக்குச் செய்தது.

வாசகம் மட்டும் இருந்து ஓட்டம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 10 ரூபாய் நாணயம் சாட்சி. 2011-ன் நாணயச் சட்டப்படி 1 ரூபாய்க்கும் அதற்கு மேலும் உள்ள நாணயங்கள் 1,000 ரூபாய் வரை சட்டமுறைச் செலாவணி. 14 வடிவங்களில் வந்த 10 ரூபாய் நாணயம் அத்தனையும் செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி அறிவித்தது. ஆனாலும் தமிழ்நாட்டின் பல ஊர்களில் அது பல ஆண்டுகள் செல்லவில்லை. ஸ்காட்லாந்தில் சட்டம் சொல்லாத நோட்டு ஓடுகிறது, இங்கே சட்டம் சொன்ன நாணயம் நின்றுவிட்டது.

தருமபுரி பக்கம் ஒரு டீக்கடையில் 10 ரூபாய் நாணயத்தை நீட்டியபோது கடைக்காரர் பேசாமல் கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்துக் காட்டினார். முக்கால் பாகம் அந்த நாணயங்கள்தான். வந்தவர்களிடம் முகம் முறிக்க முடியாமல் வாங்கிப் போட்டவை. ரிசர்வ் வங்கி சொன்னதைச் சொன்னேன். அவருக்கும் அது தெரிந்திருந்தது.

"செல்லும்னு எனக்கும் தெரியும் சார். காலையில பால்காரர் வாங்கிக்கட்டும், அன்னைக்கே நானும் வாங்குறேன்."